பெரியண்ணன் நாற்காலி

கூட யாரும் வரலையான்னுதானே கேட்டீங்க? வர ஆளில்லாம இல்ல தம்பி. இருபத்தினாலு சகோதரர்கள் இருக்காங்க எனக்கு. ஒரு போன் போட்டாப் போதும், இந்த வார்டு கொள்ளாது. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் ஒருத்தருக்கும் மூச்சு விடாம போடியில பஸ் ஏறி, தேனிக்கு வந்து, இந்தக் கட்டில்ல படுத்திருக்கேன்.

உங்க மாமனார் குடுத்து வச்சவரு. அசந்து தூங்குறாரு, கையெழுத்துப் போட மருமகன் நீங்க இருக்கீங்க. எனக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபரேஷன். குடலிறக்கம். சம்மதக் கடுதாசியில வேண்டியவங்க யாராச்சும் கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள கொண்டு போவாங்களாம். நானே போடுறேன்னேன். நோயாளி போடுறது தனியாம், கூட இருக்கிறவங்க போடுறது தனியாம். எனக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் கிடையாது. தங்கச்சி ஒருத்தி இருந்தா, அவளும் போய்ச் சேந்துட்டா. "உங்களுக்குன்னு யாருமே இல்லையா ஐயா?"ன்னு கவுண்டர்ல இருக்கிற பையன் கேக்குறான். எனக்கு வந்துச்சே கோவம்! எனக்கா ஆளில்ல? ஏலமலைச் சகோதரர் சங்கத்தோட சாவி முப்பத்தோரு வருஷமா என் இடுப்புலதான் தொங்குது.

கேள்விப்பட்டதில்லையா? கம்பத்துக்காரருக்கு எங்க தெரியப் போகுது. வெள்ளைக்காரன் காலத்துல, மலையில ஏலத்தோட்டத்துல கணக்கு எழுதுனவங்க, தராசு பிடிச்சவங்கன்னு ஒன்பது பேரு சேந்து ஆரம்பிச்ச சங்கம் அது. அதுல ஒருத்தரு காய்ச்சல்ல கெடந்து, பக்கத்துல இருந்து பாக்க ஒரு ஆளில்லாம, மலையிலயே செத்துப்போனாரு. மத்த எட்டுப் பேரும் மனசு பொறுக்காம, கையில இருந்ததெல்லாம் போட்டு ஒரு தர்ம நிதி எழுதி வச்சாங்க. நோயாளியப் பாத்துக்கிற படிப்பு படிக்கிறவங்களுக்கு அந்த நிதியில இருந்து உதவணும். ஆனா சங்கத்துல சேந்து சபதம் எடுத்தவங்களுக்கு மட்டும்தான் உதவணும். அப்படி எழுதிட்டாங்க.

இப்பச் சொல்லுங்க, சங்கத்துல இருந்ததெல்லாம் யாரு? என்னைய மாதிரி கெழடுங்க. நான் ரிட்டயர்டு சர்வேயர். இன்னொருத்தரு பாங்கு. இன்னொருத்தரு ஏலக்காய் ஏலக் கம்பெனியில கிளார்க்கு. நாங்களா நர்சுக்குப் படிக்கப் போறோம்? நாப்பது வருஷமா அந்த நிதிய ஒருத்தரும் தொடல. அதப்பத்தி நாங்க கவலைப்படவும் இல்ல. எங்க கவலையெல்லாம் நாற்காலிதான்.

நாற்காலின்னா சும்மா நாற்காலி இல்ல தம்பி. தேக்கு. முதுகுல ஏலச்செடி செதுக்கியிருக்கும். சங்கத் தலைவருக்குப் பேரு பெரியண்ணன். பெரியண்ணன் மட்டும்தான் அதுல உக்காரலாம். உக்காந்தாருன்னா மத்தவங்க எந்திரிச்சு, நெஞ்சுல கைய வச்சு, "பெரியண்ணன் வாழ்க"ன்னு மூணு தடவை சொல்லணும். கேக்கவே எப்படி இருக்கும் பாருங்க! சர்வீஸ்ல இருக்கையில என்னைய யாரும் வாழ்கன்னு சொன்னதில்ல. எல்லைக்கல்லு நட்டவன எவன் வாழ்த்துவான்? ரெண்டு பக்கமும் திட்டுத்தான் விழும். ஒரே ஒரு வருஷம் அந்த நாற்காலியில உக்காந்துட்டா எனக்குப் போதும்னு இருந்தேன். பேராசையா அது? நீங்களே சொல்லுங்க.

பழைய பெரியண்ணன் காலமானப்ப நாங்க எட்டுப் பேரு மிச்சம். நாலு பேரு என் பக்கம். நாலு பேரு வைரவநாதன் பக்கம். வைரவநாதன்தான் அந்த ஏலக் கம்பெனி கிளார்க்கு. பேசுறதே ஏலம் விடுற மாதிரிதான் இருக்கும். எங்க ஓட்டுல சீட்டுக் கிடையாது. ஒரு மண் கலயத்துல துணி மூடியிருக்கும். வேணும்னா ஏலக்காய் போடணும், வேணாம்னா மிளகு போடணும். ரகசியம். தை மாசம் முதல் ஞாயித்துக்கிழமை கலயத்தைக் கவுப்போம். என் பேருக்கு நாலு ஏலக்காய், நாலு மிளகு. அவன் பேருக்கு நாலு ஏலக்காய், நாலு மிளகு. பதினோரு வருஷம் தம்பி! பதினோரு வருஷமும் நாற்காலி சும்மா கெடந்துச்சு. நாங்க அதைச் சுத்தி பெஞ்சியில உக்காந்து வடை தின்னுட்டு எந்திரிச்சு வருவோம்.

புது ஆள் ஒண்ணே ஒண்ணு கெடச்சாப் போதும், எனக்கு அஞ்சாயிரும். எங்க கெடைக்குது? இந்தக் காலத்துப் பயலுகள்ட்ட, கண்ணைக் கட்டி ஏழு சுத்துச் சுத்தி சபதம் எடுக்கணும்னு சொன்னா, பைத்தியமான்னு பாக்குறாய்ங்க.

அப்பத்தான் அந்தம்மா வந்துச்சு. ஏலக்காய்க் கிட்டங்கியில காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற அம்மா. "அய்யா, மகளுக்கு நர்சிங்ல சீட்டுக் கெடச்சிருக்கு. பதினஞ்சு நாளைக்குள்ள சேரலைன்னா சீட்டு போயிரும். உங்க சங்கத்துல ஏதோ தர்மம் இருக்காமே"ன்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு. சங்கத்துல சேந்தவங்களுக்குத்தான்மான்னு சொல்ல வாயைத் தொறந்தேன். தொறந்த வாய் அப்படியே நின்னுச்சு. ஏன், இந்தப் புள்ளையவே சேத்துட்டா என்னங்கிறேன்?

சட்டப் புத்தகத்தை எடுத்து ராத்திரி பகலாப் புரட்டுனேன். ஆம்பளைதான் சேரணும்னு ஒரு வரியாச்சும் இருக்கணுமே! இல்ல. எழுதி வச்ச மகராசன்களுக்கு அது தோணவே இல்ல போல. கூட்டத்தைக் கூட்டினேன். உறுப்பினரா ஆள் எடுக்கையில ஒரு மிளகு விழுந்தாலும் போச்சு, அது தனிச் சட்டம். வைரவநாதன் மிளகைத்தான் போடுவான்னு அவன் கையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கலயத்தைக் கவுத்தா எட்டும் ஏலக்காய்! என்னடா இது, அவனுக்கு நல்ல புத்தி வந்துருச்சான்னு பாத்தா, அந்தம்மா வேலை பாக்குற கிட்டங்கியே இவன் கிளார்க்கா இருந்த கம்பெனியோடதுதான். நம்ம கிட்டங்கிப் புள்ள நமக்குத்தான ஓட்டுப் போடும்னு அவன் ஒரு கணக்குப் போட்டிருக்கான். என்னா நரித்தனம் பாருங்க! ஒரு ஏழைப் புள்ளையோட படிப்புல ஓட்டுக் கணக்குப் பாப்பானா ஒரு மனுசன்?

புள்ள பேரு சௌடேஸ்வரி. சபதம் எடுக்க வந்துச்சு. கண்ணைக் கட்டுறதுக்குக் கறுப்புத் துணியை எடுத்தேன். அது கையில வாங்கி மோந்து பாத்துட்டு, "அய்யா, இதை எப்பத் துவைச்சீங்க?"ன்னு கேட்டுச்சு. நூறு வருஷத்துத் துணி தம்பி. யாரு துவைப்பா அதை? "கண்ணுல ஒட்டிக்கிரும், இருங்க"ன்னுட்டு, பையில இருந்து துவைச்ச துண்டு எடுத்து அதுவே கட்டிக்கிருச்சு. கையப் பிடிச்சுச் சுத்திக் கூட்டிட்டுப் போறது எங்க மூத்த சகோதரர் பங்காருசாமி, எம்பத்திரெண்டு வயசு. நாலாவது சுத்துல அவருக்கு மூச்சு எரைக்குது. இது படக்குனு கட்டை அவுத்துட்டு, அவரை உக்கார வச்சு, நாடியப் பிடிச்சு, சன்னலைத் தொறங்கன்னு எங்களை வெரட்டுது. சபதத்துக்கு நடுவுல கண்கட்டை அவுத்தது சங்கத்துச் சரித்திரத்துலயே அதுதான் முதல் ஆளு. மிச்சம் மூணு சுத்தைத் தனியாவே சுத்திட்டு வந்து, சங்கத்துப் பழைய தராசுல கைய வச்சு, "இன்று முதல் நான் உங்கள் சகோதரன்"னு சொன்னுச்சு. சட்டப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. நாங்களும் எந்திரிச்சு, "வருக சகோதரரே"ன்னு சொன்னோம். ஊருக்கெல்லாம் சிஸ்டர் ஆகப் போறது, எங்களுக்குச் சகோதரர். கல்லூரியில சேந்துருச்சு.

தை பொறந்துச்சு. ஓட்டு வந்துச்சு. நான் புது வேட்டி கட்டிட்டுப் போனேன். என் பேருக்குக் கலயத்தைக் கவுத்தா நாலு ஏலக்காய், அஞ்சு மிளகு. நன்றி கெட்ட புள்ள, வைரவநாதன் பக்கம் போயிருச்சேன்னு மனசு ஒடைஞ்சு உக்காந்திருக்கேன். அவன் பேருக்குக் கவுத்தாங்க. அவனுக்கும் நாலு ஏலக்காய், அஞ்சு மிளகு! ரெண்டு பேருக்குமே மிளகு போட்டிருக்கு! அந்தப் பக்கம் பாத்தா, ஒண்ணுமே தெரியாத மாதிரி பங்காருசாமிக்கு பிரஷர் பாத்துக்கிட்டு இருக்கு.

ரகசிய ஓட்டு, கேக்கவும் முடியாது. ஒண்ணு நம்பி மோசம் போனா என்ன, இன்னும் ரெண்டு சேப்போம்னு நான் அலைஞ்சேன். கோம்பையில ஒண்ணு, சின்னமனூர்ல ஒண்ணு. வீடு வீடாப் போனேன் தம்பி. இந்த வயசுல, வெயில்ல, "உங்க வீட்ல நர்சிங் படிக்கிற புள்ள இருக்கா?"ன்னு. புரோக்கர்னு நெனச்சுக் கதவைச் சாத்துனவங்களும் உண்டு. வைரவநாதன் விடுவானா? அவனும் ரெண்டு கூட்டியாந்தான். உன் ஆளுக்கு நான் மிளகு போடல, என் ஆளுக்கு நீ போடாதேன்னு ஒரு ஒப்பந்தம். அடுத்த தை. எனக்கு நாலு ஏலக்காய், ஒன்பது மிளகு. அவனுக்கும் அதே.

அதுக்கடுத்த வருஷம் வெறியே பிடிச்சுப்போச்சு. எங்க போட்டியில பன்னெண்டு புள்ளைங்க. அதுல சிலது மூணாம் வருஷம் படிக்கையில காசில்லாம நிக்கப்போற புள்ளைங்க. ரம்ஜான் பேகம்னு ஒரு புள்ள, படிப்பை விட்டுட்டுத் திருப்பூருக்குத் துணி தைக்கப் போக பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சு. பஸ்ஸுல இருந்து பைய எறக்கி, கையோட கூட்டியாந்து சபதம் எடுக்க வச்சேன். ஏன்னா அன்னைக்கு வைரவநாதனுக்கு என்னைய விட ஒரு ஆள் கூட இருந்துச்சு. மொத்தம் பதினேழு புள்ளைங்க, எட்டுக் கெழடு, இருபத்தஞ்சு ஓட்டு. கவுத்தோம். நாலு ஏலக்காய், இருபத்தோரு மிளகு! எனக்கும் அதே, அவனுக்கும் அதே. நான் ஆள் சேக்கச் சேக்க மிளகுதான் பெருகுது. அள்ளிட்டுப் போனா ஒரு கல்யாண வீட்டுக்கு ரசம் வச்சிருக்கலாம்.

நாப்பது வருஷமா ஒருத்தருக்கும் குடுக்காத தர்ம நிதி, மூணு வருஷத்துல பதினேழு பேருக்குப் போயிருச்சு. அதைப்பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு நாற்காலி கெடைக்கலையே, அதைப் பேசுங்க.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். அடுத்த தையில, பங்காருசாமி எந்திரிச்சு நிக்கிறாரு. என் நாலு பேருல ஒருத்தரு அவரு! "பெரியண்ணன் பதவிக்கு சகோதரர் சௌடேஸ்வரியை முன்மொழிகிறேன்"ங்கிறாரு. வழிமொழியிறது யாருங்கிறீங்க? வைரவநாதன்! "பதினஞ்சு வருஷம் பாத்தாச்சு, நம்மளால ஆகாது சுருளியப்பா"ன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்றான். ரோசங்கெட்ட பய. கலயத்தைக் கவுத்தாங்க. இருபத்தினாலு ஏலக்காய், ஒரு மிளகு.

யாரு போட்டதுன்னு கேக்காதீங்க. ரகசிய ஓட்டு.

அந்தப் புள்ள போய் நாற்காலியில உக்காந்துச்சு. காலு தரையில எட்டல. நாங்க கெழடுங்கெல்லாம் எந்திரிச்சு நெஞ்சுல கைய வச்சு... நான் வாயை மட்டும் அசைச்சேன். சத்தம் வெளிய விடல. அன்னைல இருந்து இந்த நிமிசம் வரைக்கும் பெரியண்ணன்னு நான் அதைக் கூப்புட்டதே இல்ல. "இந்தாம்மா"தான்.

மறுநாள் காலையில பதினோரு மணிக்குச் சாவியை எடுத்துட்டுப் போனேன். திருடப் போகல தம்பி, அந்த நாற்காலிய என் வீட்டுல வச்சுப் பாதுகாக்கலாம்னுதான். சங்கம் மாடியில இருக்கு, எறங்கப் பதினாலு படி. தேக்கு என்னா கனம்ங்கிறீங்க! ஒன்பதாவது படியில வயித்துக்குக் கீழ சுருக்குனுச்சு. தூக்கவும் முடியல, எறக்கவும் முடியல. நாற்காலிய அப்படியே படியில சாச்சு வச்சு, வேற வழியில்லாம, அதுல உக்காந்துட்டேன்.

உக்காந்தேன் தம்பி. பதினஞ்சு வருஷத்துல முதல் தடவையா. மாடிப்படியில, கோணலா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. எதிர்ல வாழ்க சொல்ல ஒரு ஈ காக்கா இல்ல. எனக்கு அழுகை வந்துருச்சு. வலியிலதான், வேற ஒண்ணுமில்ல. அந்த நேரம் பாத்து வைரவநாதன் கீழ வந்து நிக்கிறான், கையில வடைப் பொட்டலம். அண்ணாந்து பாத்துட்டு, "என்ன சகோதரரே, பதவியேற்பா?"ங்கிறான். பாவி! அப்புறம் அவனே மேல ஏறி வந்து, என்னை எந்திரிக்க வச்சு, நாற்காலிய மேல கொண்டு போய் வச்சான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியமும் பண்ணான். அந்தச் சத்தியத்தை நான் கேக்கவே இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல.

அந்தச் சுருக்குதான் இந்தக் குடலிறக்கம். பத்து மாசம் மறைச்சேன். எப்படி வந்துச்சுன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்றது? போடியில ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுக்க வந்துச்சு பாருங்க, சின்னமனூர்க்காரப் புள்ள! "சகோதரரே, நீங்களா!"ன்னு நெஞ்சுல கைய வச்சு நிக்குது. கொட்டாவி வந்துச்சு, தூக்கம் வரலன்னு என்னத்தையோ ஒளறிட்டு வெளிய ஓடியாந்தேன். அடுத்து இதே தேனியில வேற ஆஸ்பத்திரி. பிரசவ வார்டு வாசல்ல ரம்ஜான் பேகம். என்னையப் பாத்ததும் கையில இருந்த கொழந்தையோட ஓடியாந்துருச்சு. எங்க போனாலும் ஒண்ணு நிக்குது! இந்த மாவட்டத்துல சகோதரர் இல்லாத ஆஸ்பத்திரியே இல்லாமப் பண்ணிட்டான் அந்த வைரவநாதன். அதான் புதுசாத் தொறந்த இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இங்க யாரும் இல்லன்னு நல்லா விசாரிச்சுட்டேன்.

சரி, கையெழுத்தே இல்ல, ஆபரேஷன் எங்க நடக்கப் போகுது? எதுவும் குடிக்கக் கூடாதுன்னு காலையில சொன்னாங்க. அது ஆபரேஷன் உள்ளவனுக்குத்தான? போய் ஒரு டீ வாங்கிட்டு வாங்க தம்பி. மாமனாரை நான் பாத்துக்கிறேன். சீனி கம்மியா.

வந்துட்டீங்களா? அந்த டீயை நீங்களே குடிங்க தம்பி. எனக்கு வேணாம். மூச்சு வாங்குது, இருங்க, சொல்றேன்.

நீங்க அந்தப் பக்கம் போகவும், இந்தப் பக்கம் கதவைத் தொறந்துக்கிட்டு யாரு வந்தா? சௌடேஸ்வரி! இந்த வாரம்தான் இங்க வேலைக்குச் சேந்துச்சாம். ஆபரேஷன் தியேட்டர்ல. லிஸ்ட்டுல என் பேரைப் பாத்துட்டு ஓடியாந்திருக்கு. நான் போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டேன். அது போர்வைய எறக்கிச்சு. "எத்தனை மாசமா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. பத்துன்னேன். அது விரலை மடக்கி எண்ணுச்சு. தை மாசம் வந்து நின்னுச்சு. என் மூஞ்சியவே பாத்துச்சு. ஒண்ணும் கேக்கல தம்பி, எப்படி வந்துச்சுன்னு கேக்கவே இல்ல.

எனக்குத்தான் அடக்க முடியல. "ஏம்மா, உன்னைய நான்தான கொண்டாந்தேன். என்னைய ஒரு வருஷம் உக்கார விட்டிருந்தா உனக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்? மூணு வருஷமும் மிளகாப் போட்டியே!"ன்னு கேட்டுட்டேன். சட்டப்படி கேக்கக் கூடாது. கேட்டுட்டேன்.

அது என் கையில பிரஷர் பட்டையச் சுத்திக்கிட்டே சொல்லுது: "நீங்க முதல் வருஷமே ஜெயிச்சிருந்தீங்கன்னா, எனக்கப்புறம் யாரையாவது சேத்திருப்பீங்களா சகோதரரே? என் கிளாஸ்லயே நாலு பேரு அழுதுக்கிட்டு இருந்தாங்க. உங்க ரெண்டு பேருல யாரு ஜெயிச்சாலும் அவங்க கதவு மூடிரும்னு தெரிஞ்சுச்சு. அதான் ஒவ்வொருத்தரா சேரச் சேர, இப்படித்தான் போடணும்னு சொல்லிக் குடுத்தேன்."

பதினெட்டு வயசுல யோசிச்சிருக்கு தம்பி! என்னா மண்டைங்கிறேன்! யாரு சேத்த ஆளு? நான் சேத்த ஆளு! வைரவநாதனுக்கு இதெல்லாம் ஓடுமா?

அப்புறம் அந்தக் கடுதாசிய எடுத்துச்சு. கூட இருப்பவர்னு இருக்கிற எடத்துல அதோட பேரையும் வயசையும் எழுதுச்சு. உறவுன்னு ஒரு கட்டம். பேனாவ நிறுத்திட்டு, "மகள்னு போடட்டுமா?"ன்னு கேட்டுச்சு. போடுன்னு சொல்லிரலாம்னுதான் இருந்துச்சு. ஆனா நான் சர்வேயர். ஒரு காகிதத்துல பொய் எழுத விட்டதில்ல. "உள்ளதைப் போடு"ன்னேன். "உள்ளதுன்னா என்ன?"ன்னு கேக்குது. தெரியாமயா கேக்குது? என் வாயில இருந்து வரட்டும்னு நிக்குது. பேனாவத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. அஞ்சு மணிக்கு ஆபரேஷன். டாக்டர் வந்துட்டாராம்.

"பெரியண்ணன்னு போடு"ன்னேன்.

எழுதுச்சு. கையெழுத்தும் போட்டுச்சு. "டீ வாங்க யாரையோ அனுப்பியிருக்கீங்களாமே, ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது"ன்னு அதட்டிட்டு, கடுதாசிய எடுத்துட்டு கவுண்டருக்குப் போச்சு. நான் இங்க இருந்தே கேக்குறேன், அந்தக் கவுண்டர் பையன் சிரிக்கிறான். "என்ன சிஸ்டர் இது, பேஷண்டுக்கு எழுபத்திமூணு வயசு, பெரியண்ணனுக்கு இருபத்திரெண்டா? யாரு வச்சது இப்படி?"ங்கிறான்.

எனக்கு எங்க இருந்து வேகம் வந்துச்சோ தெரியல தம்பி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, வராண்டா வரைக்கும் போயிட்டேன். உங்க மாமனார் முழிச்சிருப்பாரு, மன்னிச்சுக்கிருங்க. "யாரு வச்சதா? ஓட்டுப் போட்டு வச்சது! எங்க சங்கத்துப் பெரியண்ணன்யா அது. ஏகமனதாத் தேர்ந்தெடுத்தது! இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு!"ன்னு கத்திட்டேன்.

அந்தப் புள்ள திரும்பி என்னையப் பாத்துச்சு. போங்க, படுங்கன்னு கைய மட்டும் காட்டுச்சு. வந்து படுத்துட்டேன்.